பிச்சாவரம் படகு டிரிப், ஒரே படகுல ரெண்டு வழிகாட்டி: போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

முதல்ல விஷயத்துக்கு வந்துடறேன். பிச்சாவரம் போய் ஒரு மணி நேரம் படகுல சுத்திட்டு நாலு போட்டோ எடுத்துட்டு வந்தா போதும்னா உங்களுக்கு இந்த டிரிப் தேவையில்ல, நேரா போய் டிக்கெட் வாங்கி ஏறிக்கலாம். ஆனா அங்க இருக்குற அலையாத்திக் காடு இடையில ஒரு காலத்துல ஏன் செத்துச்சு, யாரெல்லாம் சேர்ந்து அத திரும்ப கொண்டு வந்தாங்க, அதுல யார் சொன்னது சரியா இருந்துச்சு யார் மேல வீணா பழி விழுந்துச்சு, இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னா இவங்க கூட போங்க. அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருக்கேன். குறை இருக்கு, கீழ எழுதியிருக்கேன், இருந்தாலும் அஞ்சுதான்.

விஷயம் என்னன்னா ஒரே படகுல ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தர் துடுப்பு போடுற அண்ணன், இருளர் குடியிருப்புக்காரர், சின்ன பையனா இருந்தப்பலேருந்து அந்த வாய்க்கால்ல இறங்கி கையால தடவி எறா புடிச்சு வளந்தவர். இன்னொருத்தர் பரங்கிப்பேட்டைல கடல் உயிரியல் படிச்ச பொண்ணு, அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் அங்கதான் இருக்கு. வழக்கமா இந்த மாதிரி டிரிப்ல படிச்சவங்க மைக் புடிச்சு பேசுவாங்க, ஊர்க்காரர் படகு ஓட்டிட்டு கம்முனு இருப்பாரு. இங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பேசுறாங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் நிறுத்தி "அது அப்படி இல்லம்மா", "அண்ணே அத அளந்து பாத்தோம்ல"ன்னு திருத்துறாங்க, அத கேக்கறதுக்கே காசு குடுக்கலாம்.

போற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், புதுச்சேரியிலேருந்து கடலூர், அங்கேருந்து சிதம்பரம் ரோட்டுல போய் பி.முட்லூர் கிட்ட கிள்ளை பக்கம் திரும்பணும். விடியக்காலைல கிளம்பிடுங்க, பத்து மணிக்கு மேல மாசி வெயிலே தலைய பொளக்குது, துடுப்பு படகுல நிழலும் கிடையாது. நாங்க வீட்டம்மா, எட்டாவது படிக்கிற பொண்ணு, ரிட்டயர் ஆன எங்க மாமான்னு ஒரு செட்டா போனோம்.

வெள்ளாத்துக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற காடு இது, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022ல சேத்தாங்க. பெரிய வாய்க்கால்லேருந்து சின்ன வாய்க்காலுக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டு பக்கமும் சுரபுன்னை தான், வேர் மேலேருந்து வளைஞ்சு தண்ணியில ஊனி நிக்கும். அதோட காய் மரத்துலயே முளைச்சு பச்சையா நீட்டமா தொங்குது, அது அப்படியே கழண்டு சேத்துல குத்தி நின்னா அடுத்த செடி. கரையவிட்டு உள்ள தள்ளி வெண்கண்டல், அதோட இலைய எடுத்து நக்கிப் பாக்க சொன்னாங்க, உப்பு கரிக்குது, மரம் குடிச்ச உப்ப இலை வழியா வெளிய தள்ளிடுதாம். என் பொண்ணு நக்கிட்டு இன்னொரு இலைய கழுவி நக்கி வித்தியாசம் பாத்தா, யாரும் சொல்லிக் குடுக்கல அவளா செஞ்சா. சிதம்பரம் கோயிலோட தல மரமான தில்லையும் இங்க இருக்கு, அத ஒடிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்துன்னு அண்ணன் முன்னாடியே எச்சரிச்சாரு. அந்த பொண்ணு இன்னொரு மரத்த காட்டி, ரெண்டு வகை சுரபுன்னை கலந்து உண்டான கலப்பு இது, 1995ல இதுக்கு அண்ணாமலை பல்கலைக்கழகத்து பேரையே அறிவியல் பேரா வச்சாங்கன்னு சொன்னாங்க. அண்ணன் சிரிச்சுட்டு, இலைய பாத்தாலே இது வேற மரம்னு எங்களுக்கு தெரியும்மா, பேருதான் தெரியாதுன்னாரு.

இதெல்லாம் நல்லாதான் இருந்துச்சு, ஆனா டிரிப்போட உசுரு இதுக்கு அப்புறம்தான். எங்க மாமா சும்மா இருக்காம, "ஏன் தம்பி, இந்த காட்ட ஒரு காலத்துல நீங்கதான விறகு வெட்டி மாடு மேய்ச்சு காலி பண்ணீங்க, எங்க ஆபீஸ்ல அப்பிடித்தான் பேசுவாங்க"ன்னு நேரா கேட்டுட்டாரு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. அண்ணன் துடுப்ப படகுல வச்சுட்டு பொறுமையா சொன்னாரு, "மாடு மேஞ்சுது ஐயா, இல்லன்னு சொல்ல மாட்டேன். அடுப்புக்கு விறகும் ஒடிச்சோம். ஆனா கூப்பு கூப்பா மொட்டையடிச்சது யாருங்க? எங்க அப்பாரு அதுக்கு கூலிக்கு போனவருதான், வெட்டுன இடத்துல மறுபடி ஒண்ணும் முளைக்கலன்னு அப்பவே சொல்லுவாரு." மாமா ஒண்ணும் பேசல.

அந்த பொண்ணு இங்க புடிச்சுகிட்டாங்க. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து 1970கள் வரைக்கும் இந்த காட்ட பகுதி பகுதியா பிரிச்சு (அண்ணன் சொன்ன கூப்பு அதான்), முறை வச்சு, ஒவ்வொரு பகுதியையும் மொத்தமா வெட்டி வித்துருக்காங்க. அரசாங்கமே கணக்கு போட்டு செஞ்சது, மரம் திரும்ப வளந்துடும்னு நம்பி செஞ்சது. மலைக்காட்டுல வேணா வளரலாம், சேத்துக்காட்டுல நடந்தது வேற. நிழல் போச்சு, வெயில் நேரா சேத்துல விழுந்துச்சு, சேத்துல இருந்த ஈரம் காஞ்சு மண்ணு அமுங்கிடுச்சு. வெட்டுன இடத்து நடுப்பகுதி தாம்பாளம் மாதிரி குழிஞ்சுபோச்சு. தண்ணி ஏறும்போது உள்ள வந்துடும், வத்தும்போது வெளிய போக வழியில்ல, அங்கயே நின்னு வெயில்ல ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். நாளுக்கு நாள் கூடிக்கூடி கடைசில கடல் தண்ணியவிட உப்பு ஜாஸ்தியாகி ஒரு கன்னு கூட நிக்க முடியாத பொட்டலாயிடுச்சு. பொட்டல பாத்தவங்க பக்கத்துல இருந்த ஊர பாத்தாங்க, மாட்ட பாத்தாங்க, பழிய அங்க போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் வேலி போட்டு ஆள விரட்டுனா காடு வந்துடுமா, உப்பு அங்கயேதான இருக்கு, ஆள விரட்டுனதுக்கு சண்டைதான் மிச்சம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இங்க வந்து வேலைய ஆரம்பிச்சப்ப, மண்ணோட மேடு பள்ளத்த அளந்து, உப்ப அளந்து, அதோட ஊர் ஊரா உக்காந்து பெரியவங்க கிட்டயும் கேட்டாங்களாம், எப்ப எந்த இடம் பச்சையா இருந்துச்சு, எப்ப போச்சு, எந்த வாய்க்கால்ல தண்ணி ஓடும், எது தூந்துபோகும்னு. அளவும் பெரியவங்க சொன்னதும் ஒரே பக்கம் கை காட்டுச்சு. அப்புறம்தான் மீன்முள் வாய்க்கால். நடுவுல ஒரு பெரிய வாய்க்கால் வெட்டி அத இயற்கையான ஓடையோட சேக்கறது, அதுலேருந்து ரெண்டு பக்கமும் சாய்வா சின்ன சின்ன வாய்க்கால் குழிஞ்ச இடத்துக்குள்ள போகும். இங்க ஓதத்துக்கு தண்ணி ஏறி இறங்குறதே ஒரு மீட்டருக்கும் கம்மிதான், அதனால மட்டம் கொஞ்சம் தப்புனாலும் தண்ணி ஓடாது. சரியா அமைஞ்சா தினமும் கடல் தண்ணி உள்ள வந்து உப்ப கழுவிட்டு போகும். கன்ன வாய்க்காலோட சரிவுல நடணும், ரொம்ப கீழ நட்டா எப்பவும் முங்கி அழுகும், மேல நட்டா தண்ணியே எட்டாது. வனத்துறையும் நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்த ஏற்பாடு, ஊருக்கு ஊர் மன்றம் வச்சு முடிவு பண்ணுனாங்க. வாய்க்கால் வெட்டுனது, கன்னு நட்டது எல்லாம் ஊர் ஆளுங்கதான், அண்ணனும் அதுல வெட்டியிருக்காரு, அவர் வெட்டுன இடத்துலதான் எங்க படகு அப்ப நின்னுது. ரெண்டு பக்கமும் மரம் தலைக்கு மேல. செயற்கைக்கோள் படத்த வச்சு 1986ஐயும் 2002ஐயும் ஒப்பிட்டு பாத்ததுல காட்டோட பரப்பு கிட்டத்தட்ட 90 சதவீதம் கூடியிருந்துச்சாம்.

இத வெறும் கதையா சொல்லிட்டு போயிருந்தாலே போதும், இவங்க அதோட விடல. ஒரு சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் வச்சிருக்காங்க, கை அகலம் கூட இல்ல, அதோட கண்ணாடில ரெண்டு சொட்டு தண்ணி விட்டு மூடி வெளிச்சத்த பாத்து கண்ணுல வச்சா மேல நீலம் கீழ வெள்ளை, நடுவுல கோடு எங்க நிக்குதோ அதான் உப்போட அளவு. கடல் தண்ணின்னா ஆயிரத்துக்கு 35 பங்கு. பெரிய வாய்க்கால்ல எடுத்தோம், தண்ணி நல்லா ஓடுற வெட்டு வாய்க்கால்ல எடுத்தோம், அப்புறம் தூந்துபோன ஒரு மூலைக்கு கூட்டிட்டு போனாங்க, அங்க மரமெல்லாம் குட்டையா இலை சின்னதா மஞ்சளடிச்சு நிக்குது. ஒவ்வொரு இடத்துலயும் கருவிய பாக்கறதுக்கு முன்னாடி அண்ணன் விரல நனைச்சு நாக்குல வச்சு "முன்னதவிட கூட", "இது ரொம்ப கூட"ன்னு சொல்லிடுவாரு. வரிசை ஒரு இடத்துல கூட மாறல. எண்ணு அவரால சொல்ல முடியல, ஆனா அந்த மூலை ஏன் அப்படி ஆச்சுன்னு அந்த பொண்ணோட கருவியால சொல்ல முடியாது, அது அவர்தான் சொன்னாரு, சின்னவாய்க்கால் பக்கம் முகத்துவாரம் மணல் அடைச்சா இந்த பக்கம் தண்ணி இழுக்காது, ரெண்டு வெள்ளம் வந்து வண்டல் தள்ளிட்டு போச்சு, அதுக்கப்புறம் யாரும் தூர் வாரலன்னு. என் பொண்ணு நோட்டுல மூணு எண்ணையும் எழுதிட்டு பக்கத்துல அண்ணன் சொன்னதையும் எழுதிகிட்டா.

ரெண்டு பேரும் ஒத்துப்போகாத இடமும் வந்துச்சு, அத மறைக்காம எங்க முன்னாடியே பேசுனாங்க, எனக்கு அதான் ரொம்ப புடிச்சுது. எறா கம்மியானதுக்கு அண்ணன் முகத்துவாரத்தையும் மோட்டார் படகையும் சொல்றாரு, அலையடிச்சு கரை சரியுது, சேறு கலங்குதுன்னு. அந்த பொண்ணு, மேல அணை கட்டுனதுலேருந்து, மேட்டூர் 1934ல வந்துது, காவேரி நல்ல தண்ணி இங்க வர்ற அளவே மாறிப்போச்சு, மழை மாசம் தவிர உப்பு குறையறதே இல்ல, அதுவும் ஒரு காரணம்னு சொன்னாங்க. வலைக்கண்ணு சின்னதா போச்சுன்னும் சொன்னாங்க. அண்ணனுக்கு அந்த கடைசி பேச்சு பிடிக்கல, "சின்ன கண்ணு வலை யாரு போடறான்னும் எழுதிக்கம்மா"ன்னாரு. முடிவு ஒண்ணும் ஆகல, படகு நகந்துடுச்சு.

சுனாமி பத்தி கேக்காம யாரும் வர மாட்டாங்க, நாங்களும் கேட்டோம். 2004 டிசம்பர் 26, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவுல மணல் திட்டுல இருந்த எம்ஜிஆர் திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு எல்லாம் பறிபோச்சு. காட்டுக்கு பின்னாடி இருந்த ஊருங்க தப்பிச்சுது. காடுதான் காப்பாத்துச்சுன்னு அண்ணன் சொன்னாரு, அவர் வேற எப்படி சொல்லுவாரு, அன்னைக்கு அங்க நின்னவரு. அந்த பொண்ணு அத மறுக்கல, ஆனா பரங்கிப்பேட்டை ஆராய்ச்சியாளர்கள் இந்த கரையோரம் 18 ஊர்ல பாத்து காடு இருந்த இடத்துல சேதம் கம்மின்னு 2005ல எழுதுனாங்க, அடுத்த வருஷமே வேற ஆராய்ச்சியாளர்கள் அதே கணக்க எடுத்து, கடல்லேருந்து தூரமும் தரையோட உயரமும்தான் பெரிய காரணம்னு மறுத்து எழுதுனாங்க, ரெண்டையும் தெரிஞ்சுக்கங்கன்னு சொன்னாங்க. டூரிஸ்ட் கிட்ட "காடு காப்பாத்துச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு போனா கைதட்டு கிடைக்கும். இவங்க அப்படி செய்யல, அதுக்கு தனி மரியாதை. சுனாமிக்கப்புறம் நம்ம கரை நெடுக சவுக்கு நட்டதையும் சொன்னாங்க, அலையடிக்கிற விளிம்பு வரைக்கும் நட்டா ஆமை முட்டை வைக்க மணலே இருக்காது, பச்சையா ஏதாவது நட்டா நல்லதுன்னு நினைச்சு செஞ்சது, அந்தந்த ஊர்ல ராத்திரி கரையில படுத்து பழகுனவங்கள ஒரு வார்த்தை கேட்டுருந்தா எங்க ஆமை ஏறும்னு சொல்லியிருப்பாங்க.

இருளர் விஷயத்துக்கு வரணும். அண்ணன் அவரா எடுத்து சொல்லல, எங்க வீட்டம்மாதான் "உங்க வீட்டு பொம்பளைங்களும் தண்ணில இறங்குவாங்களாண்ணே"ன்னு கேட்டாங்க. இறங்குவாங்களாம், கழுத்தளவு தண்ணில உக்காந்து ரெண்டு கையாலயும் சேத்த தடவி எறா புடிச்சு, ஓலையில பின்னுன பறிய பல்லுல கடிச்சுகிட்டு அதுல போடறது, மணிக்கணக்கா. கடல் மீன்பிடிக்கிற ஊர்க்காரங்க இவங்கள மீனவரா ஏத்துக்கல, காட்டுக்குள்ள போனா வனத்துறை கேள்வி கேக்கும், ரொம்ப காலம் கையில சாதி சான்றிதழ் கூட இல்லாம இருந்தாங்க. காடு மீட்கற வேலை நடந்தப்பதான் சான்றிதழ், பள்ளிக்கூடம், படகு வலைன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் காட்டுக்காக கூட்டத்துல உக்காந்து பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு இது ரொம்ப முக்கியமா பட்டுது, வயிறு காஞ்சவங்கள கூப்பிட்டு உங்க பாரம்பரிய அறிவ குடுங்கன்னு கேக்கறதுல என்ன நியாயம் இருக்கு, முதல்ல அவங்களுக்கு நியாயமா வர வேண்டியத குடுக்கணும். இன்னைக்கும் எல்லாம் தீரல, எங்க வலை போடலாம் எங்க கூடாதுங்கற பேச்சு ஓடிகிட்டுதான் இருக்கு. தூர் வாரறதுக்கு ஆளும் காசும் தொடர்ந்து வரணும், வெட்டுன வாய்க்கால் தானா திறந்தே இருக்காது.

சாப்பாடு சுருக்கமா: மதியம் ஊர்ல பெண்கள் குழு சமைச்சு போட்டாங்க, நண்டு குழம்பு, எறா தொக்கு, மடவை வறுவல். தொக்குல புளி கம்மி, எறா புதுசு, அந்த இனிப்பு தெரிஞ்சுது. சாதம் கேக்க கேக்க போட்டாங்க. சைவம் சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, சொல்லலன்னா சாம்பார் அப்பளத்தோட முடிஞ்சுடும்.

இப்ப குறை. ஒண்ணு, பெண்களுக்கு கழிவறை வசதி பத்தலை, படகு ஏறுறதுக்கு முன்னாடி வழியிலயே பாத்துக்கறது நல்லது. அடுத்து, லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் குடுத்தாங்க, ஆனா குழந்தைங்க சைஸ் பத்தாம என் பொண்ணுக்கு தொளதொளன்னு இருந்துச்சு, கேட்டு வாங்கி மாத்துனோம், கேக்காம விட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஒரு படகுல ரெண்டு வழிகாட்டி ஏறுறதால மத்தவங்களுக்கு இடம் கம்மி, எங்க கூட வர வேண்டிய இன்னொரு குடும்பத்துக்கு வேற படகு, அந்த படகுல துடுப்புக்காரர் மட்டும்தான் இருந்தாரு, அந்த பொண்ணு எங்க கூட இருந்துட்டாங்க. பாதி வழியில அந்த பொண்ணு அந்த படகுக்கு மாறி ஏறுனாங்க, இருந்தாலும் அந்த குடும்பத்துக்கு உப்பு அளந்தது காட்டல. காசு ஒண்ணுதான், அனுபவம் பாதிதான் கிடைச்சுது. ஒண்ணு ரெண்டு பேர் கூட சேத்துக்கணும், இல்லன்னா ஒரு நாளைக்கு ஒரு படகுன்னு வச்சுக்கணும்.

இவங்க படிப்பாங்கன்னு நம்பி இதையும் எழுதறேன். தலைக்கு வாங்குற காசுல துடுப்பு போடுற அண்ணனுக்கு எவ்வளவு போகுதுன்னு நான் கேட்டேன், படகு கூலி தனியா போக வழிகாட்டி கூலியும் உண்டுன்னு சொன்னாங்க, சந்தோஷம். அது அந்த பொண்ணுக்கு குடுக்கற அளவுக்கே இருக்கணும்னு நான் நினைக்கிறேன். அன்னைக்கு நாங்க கத்துகிட்டதுல பாதிக்கு மேல அவர் வாயிலேருந்து வந்தது. அதேமாதிரி அண்ணன் சொல்றதெல்லாம், எந்த வாய்க்கால் எப்ப தூந்துச்சு, எங்க மரம் மஞ்சளடிக்குதுன்னு, அந்த பொண்ணு உப்பு அளவோட சேத்து தேதி போட்டு எழுதி வைக்கிறாங்களாம், ஒவ்வொரு டிரிப்புலயும். அத ஊர் மன்றத்துக்கும் ஒரு பிரதி குடுங்க. நாளைக்கு தூர் வாரச் சொல்லி மனு போடும்போது ஊர்க்காரங்க கையில அந்த தாள் இருந்தா யாரும் சும்மா தட்டிக் கழிக்க முடியாது.

போறவங்களுக்கு: மாசி வரைக்கும் நல்ல நேரம், சித்திரை வெயில்ல குழந்தைங்கள கூட்டிட்டு போகாதீங்க. ஐப்பசி கார்த்திகைல மழை புயல் இருந்தா படகு நிறுத்திடுவாங்க, போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க, ஆனா மழை விட்ட மறுவாரம் போக முடிஞ்சா போங்க, அப்ப வாய்க்கால்ல நல்ல தண்ணி கலந்து உப்பு இறங்கியிருக்கும், அத அளந்து காட்டுவாங்களாம். பிளாஸ்டிக் பாட்டில் வேணாம், வேருக்கு நடுவுல மாட்டிகிட்டு நிக்கறத நிறைய பாத்தோம், வீட்டுலேருந்து தண்ணி கொண்டு போங்க. தொப்பி, ஒரு செட் மாத்து துணி. ஓடைக்குள்ள போகும்போது சத்தமா பாட்டு போடாதீங்க, அந்த நேரத்துல பக்கத்து வாய்க்கால்ல யாராவது எறா தடவிகிட்டு இருப்பாங்க, அவங்களுக்கு அது வேலை நேரம்.